பட்டு ராணி கொடுத்த கண்ணாடி

"இத நீங்களே வெச்சிக்கங்க, எங்க பாவ குடுங்க" என்று சொல்லி, ஒரு பெண் எங்கள் கடை கவுண்டர் மேல் மூக்குக் கண்ணாடியை வைத்தாரே, அந்த நாளைத்தான் முதலில் எழுத நினைத்தேன். ஆனால் அதை மட்டும் சொன்னால் இப்போது கடை வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியாது. அதனால் ஆரம்பத்திலிருந்தே வருகிறேன்.

ஆரணியில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். சேல்ஸ் கேர்ளாகச் சேர்ந்து ஃப்ளோர் சூப்பர்வைசராக ஓய்வு பெற்றேன். சொந்த ஊர் கலசப்பாக்கம் பக்கம். அப்பா, அம்மா இரண்டு பேரும் கழனி வேலைக்குப் போனவர்கள், எங்கள் வீட்டில் யாரும் தறியில் உட்கார்ந்ததில்லை. எனக்குப் புடவையை விற்கத் தெரியும், கட்டத் தெரியும், மடிக்கத் தெரியும். அதை நெய்கிறவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பது பாதிதான் தெரியும். நான் செய்த தப்புக்கு அது ஒரு காரணம். எனக்கு வாய் அதிகம் என்பது இன்னொரு காரணம்.

1. பொடவையும் பத்திரம், பொண்ணும் பத்திரம்

தொண்ணூறுகளின் பின்பாதியில் எங்கள் முதலாளி 'ஆரணிப் பட்டு ராணி' என்று ஓர் அழகிப் போட்டி நடத்தினார். டிவியில் வருவது மாதிரி எல்லாம் இல்லை. பட்டுப் புடவை கட்டிக்கொண்டு மேடையில் நடக்க வேண்டும், கேட்ட கேள்விக்குத் தமிழில் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஜெயிக்கிற பெண்ணுக்குக் கிரீடம் உண்டு, தோளில் குறுக்கே போட ஒரு பட்டை உண்டு. அதோடு ஒரு கண்டிஷனும் உண்டு. ஒரு வருஷத்துக்குக் கடை சார்பில் சேவை நிகழ்ச்சிகளுக்குப் போக வேண்டும். பள்ளிக்கூடத்தில் நோட்டுப் புத்தகம் கொடுப்பது, ரத்ததான முகாமைத் தொடங்கி வைப்பது, முதியோர் இல்லத்தில் சாப்பாடு பரிமாறுவது. போகிற இடமெல்லாம் எங்கள் கடைப் புடவையைத்தான் கட்ட வேண்டும்.

ஜெயித்தது ரேவதி. வந்தவாசி ரூட் பஸ் கண்டக்டரின் மகள். பி.காம். கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா கடைக்கே வந்து, மகளைத் தனியாக எங்கேயும் அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"கஸ்தூரி, நீதான் கூடப் போவணும். பொடவையும் பத்திரம், பொண்ணும் பத்திரம்."

"ரெண்டுல எது மொதல்ல மொதலாளி?"

அவர் சிரிக்கவில்லை. "ரெண்டும்தான்" என்றார்.

முதல் நிகழ்ச்சி ஒரு நகராட்சிப் பள்ளிக்கூடத்தில். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி நோட்டு வாங்க வந்தாள். போட்டோக்காரர், "ராணிம்மா, குடுத்துகினே இங்க பாருங்க" என்றார். ரேவதி குழந்தையைப் பார்த்துக் கொடுத்தாள். இன்னொரு தரம் என்றார். குழந்தை கண்ணை மூடிவிட்டது. இன்னொரு தரம். திரும்பி வரும்போது வேனில் ரேவதி சொன்னாள்: "அக்கா, அந்தக் கொழந்த மூணு வாட்டி கை நீட்டிச்சி. நோட்டு ஒண்ணுதானே குடுத்தோம்." நான் அதைக் காதில் வாங்கவில்லை. அவள் புடவையில் எங்கேயாவது பூமாலைத் தண்ணீர் பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு இந்த இடத்தில் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். வரவேற்பு மாலை எப்போதும் ஈரமாகத்தான் வரும். பட்டில் தண்ணீர் பட்டால் திட்டுத் திட்டாக நிற்கும், சாமந்திச் சாறு பட்டால் போகவே போகாது. மாலையை முதலில் நீங்கள் வாங்கி, துண்டில் ஒற்றி, பிறகு போடச் சொல்லுங்கள். பின் குத்துவதாக இருந்தால் கரையில் குத்துங்கள், புடவையின் உடல் பகுதியில் குத்தினால் பட்டு இழை இழுத்துக்கொள்ளும். ரேவதிக்கு முதல் மாதம் பதினெட்டுப் பின் குத்தினேன். ஆறாவது மாதம் நாலு பின்னில் வேலையை முடித்தேன்.

2. சேவூர் முகாம்

நோட்டு கொடுத்துக் கொடுத்து ரேவதிக்குச் சலித்துவிட்டது. ஒரு நாள் முதலாளியிடம் நேராகவே கேட்டாள்.

"மொதலாளி, நாம விக்கறது பொடவ. அத நெய்யறவங்களுக்கு எதுனா செய்யலாமே. கண்ணு டெஸ்ட் பண்ணி இலவசமா கண்ணாடி குடுத்தா இன்னா?"

முதலாளிக்கு யோசனை பிடித்துவிட்டது. "நல்லாக்கீது. நல்ல பேரு வரும்" என்றார். வெளியூரிலிருந்து ஒரு டாக்டர் குழுவை வரவழைத்தோம். ஆரணியை ஒட்டிய சேவூரில் ஒரு பள்ளிக்கூட ஹால் கிடைத்தது. எங்கள் கடைக்கு நெய்கிறவர்கள் அங்கேதான் அதிகம்.

காலை ஒன்பது மணிக்கு முகாம் தொடங்கியது. வயதானவர்கள் வந்தார்கள், பெண்கள் வந்தார்கள், பிள்ளைகள் வந்தார்கள். நாற்பது, ஐம்பது வயதில் தறியில் உட்கார்கிற ஆண்கள் மட்டும் வரவே இல்லை. தெருவில் தறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. இலவசமாகக் கொடுத்தால் மதிப்பே இல்லை பார், என்று நினைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஆள் பிடிக்கிற வேலையில் நான் கெட்டிக்காரி.

ஏகாம்பரம் அண்ணா எங்கள் கடையின் முதல் தரமான நெசவாளி. முகூர்த்தப் புடவை, உடலில் சின்னச் சின்னப் பூவேலை வரும் புட்டாப் புடவை என்றால் முதலாளி அவருக்குத்தான் பாவு, அதாவது தறியில் பூட்டுகிற நீளவாட்டு நூல், கொடுப்பார். அவர் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டேன்.

"எனக்கு எல்லாம் நல்லா தெரியுதும்மா" என்றார், தறியை விட்டு எழாமல்.

"தெரிஞ்சா தெரியுதுன்னு டாக்டர் சொல்லட்டும்ணா. வாங்க. பட்டு ராணி கூட ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."

"போட்டோ கீட்டோலாம் வாணாம்மா."

"ரொம்பதான் வெக்கப்படறீங்க. அண்ணி, நீங்க சொல்லுங்க."

அவர் மனைவி மங்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். கடைப் பெண் வாசலில் வந்து நிற்கும்போது எத்தனை தரம்தான் மாட்டேன் என்பது? அண்ணா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அவரைப் பார்த்து இன்னும் ஏழெட்டு நெசவாளிகள் வந்தார்கள். ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

பதினைந்து நாள் கழித்து அதே ஹாலில் கண்ணாடி கொடுக்கும் விழா. ரேவதி கிரீடத்தோடு நின்று ஒவ்வொருவருக்கும் கொடுத்தாள். ஏகாம்பரம் அண்ணா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் கை விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ரேவதியிடம் மெதுவாகச் சொன்னார்:

"ரெண்டு வருசமா கண்ணால நெய்யலம்மா, வெரலாலதான் நெஞ்சிகினு இருந்தேன்."

ரேவதிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். அந்த நேரத்தில் போட்டோக்காரர் பளிச்சென்று எடுத்தார். அந்த வருஷத்திலேயே நல்ல போட்டோ அது.

3. நான் ஒட்டிய போர்டு

மறுநாள் அந்தக் கதையைக் கடையில் எல்லோருக்கும் சொன்னேன். புகழ்ந்துதான் சொன்னேன். "விரலாலேயே ரெண்டு வருசம் புட்டா போட்டிருக்காரு, எப்பேர்ப்பட்ட கை பாரு" என்று. முதலாளி கல்லாவிலிருந்து தலையைத் தூக்கி, "ரெண்டு வருசமாவா?" என்றார். "ஆமா மொதலாளி" என்றேன். அவர் மறுபடியும் கணக்கு நோட்டுக்குக் குனிந்தார்.

அதோடு நிறுத்தினேனா? கடை வாசலில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு அறிவிப்பு போர்டு உண்டு. அதில் விழா போட்டோக்களை எல்லாம் வரிசையாக ஒட்டினேன். ஒவ்வொரு போட்டோவுக்குக் கீழேயும் என் கையெழுத்தில் பெயரும் தெருவும் எழுதினேன். பஜாரில் போகிறவர்கள், வருகிறவர்கள், மற்ற கடை முதலாளிகள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதானே ஒட்டினேன்.

மூன்று வாரம் போயிருக்கும். கல்யாண சீசன். கவுண்டரில் ஒரு பெண் வீட்டார் முகூர்த்தப் புடவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் மங்கா அண்ணி உள்ளே வந்தார். விரித்து வைத்த புடவைக்குப் பக்கத்தில் அந்தக் கண்ணாடியை வைத்து, நான் முதலில் எழுதிய அந்த வார்த்தையைச் சொன்னார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "உள்ள வாங்கண்ணி, ஏன் இங்க நின்னுகினு" என்று குடோன் பக்கம் அழைத்துப் போனேன்.

"இன்னா ஆச்சு?"

"இன்னா ஆச்சா? பாவு முடிஞ்சி மூணு வாரம். அடுத்த பாவு கேட்டா, பாக்கலாம் பாக்கலாம்னு அனுப்பறாரு உங்க மொதலாளி. நேத்து சொல்லிட்டாரு. கண்ணு போன ஆளுக்கு டிசைன் பாவு குடுக்க முடியாதாம். தறி மொட்டையா நிக்குது."

"கண்ணாடிதான் போட்டாச்சே அண்ணி."

"ஏம்மா, இந்த ஊர்ல வேல செய்யறியே, தெரியாதா உனுக்கு? தறிக்காரன் எவனாச்சும் எனக்குக் கண்ணு தெரியலன்னு வெளிய சொல்வானா? சொன்னா அன்னிக்கே பாவு நின்னுடும். வேணும்னா வேலூருக்குப் போயி யாருக்கும் தெரியாம பாத்துகினு வருவாங்க. ஊட்லதான் கண்ணாடி போடுவாங்க, மொதலாளி முன்னாடி கழட்டிடுவாங்க. அவரு வரமாட்டேன்னுதானே சொன்னாரு. நீ வாசல்ல நின்னு இழுத்துகினு போயி, பேரு எழுதி, போர்டுல ஒட்டிட்ட."

முகாம் அன்றைக்குத் தெருவில் கேட்ட தறிச் சத்தம் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. அவர்களுக்கு இலவசம் பிடிக்காமல் இல்லை. வந்தால் பிழைப்பு போகும் என்று பயந்து உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். அவமானமாக இருந்தது. அன்றைக்கு மத்தியானமே போர்டிலிருந்து எல்லாப் போட்டோவையும் கிழித்தேன். ஆனால் பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் பார்த்து முடித்திருந்தார்கள். விசாரித்தபோது, வேறு கடைகளுக்கு நெய்கிற மூன்று பேருக்கும் அதே கதி என்று தெரிந்தது.

முதலாளியிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும்.

"கஸ்தூரி, ஒரு இழ உட்டுப்போச்சின்னா பொண்ணு ஊட்டுக்காரன் பொடவய என் மூஞ்சிலதான் வீசுவான். ரெண்டு வருசமா கண்ணு தெரியாம நெஞ்சிருக்காருன்னு நீயேதான சொன்ன?"

நானேதான் சொன்னேன்.

4. கிரீடத்தைக் கழற்றி வைத்தது

ரேவதியிடம் சொன்னபோது அவள் என்மேல் பாய்ந்தாள். அதுவரை என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத பெண்.

"பேரு எழுதி ஒட்டறதுக்கு முன்னாடி அவங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா அக்கா?"

"எல்லா எடத்துலயும் அப்படித்தானேடி ஒட்டறோம்."

"அதான் தப்பு" என்றாள். பிறகு, "நானும்தான் பல்ல காட்டிகினு நின்னேன்" என்றாள்.

அந்த மாதக் கடைசியில் கடையின் புது மாடி திறப்பு விழா. பத்திரிகை அடித்தாகிவிட்டது. பட்டு ராணி குத்துவிளக்கு ஏற்றுவதாக அதில் போட்டிருந்தது. ரேவதி கிரீடப் பெட்டியை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குள் போனாள். நானும் பின்னாலேயே போனேன். பெட்டியை மேஜை மேல் வைத்தாள்.

"விழாவுக்கு ஏகாம்பரண்ணா கண்ணாடி போட்டுகினு நெஞ்ச பொடவயத்தான் கட்டுவேன் மொதலாளி. இல்லன்னா இத இன்னிக்கே எடுத்துக்கங்க."

"மெரட்டறியா?"

"இல்லீங்க. நான் என் கையால குடுத்த கண்ணாடி. அத வாங்கினதால அவருக்கு வேல போச்சி. நான் எப்படிங்க மறுபடியும் மேடையில நிக்கறது?"

முதலாளி என்னைப் பார்த்தார், நீ சொல்லிக்கொடுத்தாயா என்பது போல. இதில் எனக்குப் பங்கு இல்லை. நான் பயந்துபோய் நின்றிருந்தேன். என் வேலையும் அன்றைக்கு அந்தப் பெட்டியோடு சேர்ந்துதான் மேஜை மேல் இருந்தது.

கடைசியில் அவர் சொன்னார்: "ஒரு பாவு குடுக்கறேன். புட்டா டிசைன். மொத பொடவய தறியிலேந்து அறுத்துகினு வரட்டும், நானே பாக்கறேன். ஒரு இழ தப்பியிருந்தாலும் அத்தோட சரி. அப்பறம் யாரும் எங்கிட்ட வந்து பேசக் கூடாது."

5. புடவை பார்க்கிற மேஜை

தறியிலிருந்து வரும் ஒவ்வொரு புடவையையும் முதலாளி தானே பார்த்துத்தான் எடுப்பார். பின்கட்டில் ஜன்னலோரம் அதற்கென்று ஒரு மேஜை உண்டு. புடவையை விரித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போவார். நெய்தவர் எதிரில் நின்றுகொண்டிருப்பார்.

விழாவுக்கு நாலு நாள் முன்பு ஏகாம்பரம் அண்ணா வந்தார். கூடவே மங்கா அண்ணியும். ரேவதி கல்லூரியிலிருந்து நேராக வந்திருந்தாள். அண்ணா கண்ணாடியைக் கழற்றாமல் உள்ளே வந்ததை நான் கவனித்தேன்.

முதலாளி விரித்தார். நல்ல மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை, உடல் முழுக்க அன்னப்பட்சி புட்டா. தடவினார். திருப்பிப் போட்டார். மறுபடியும் தடவினார். கடைசியில் நிமிர்ந்து, "ம். சுத்தமாக்கீது" என்றார். ரேவதி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அப்போது அண்ணா சொன்னார்: "இல்ல மொதலாளி. ஒரு தப்பு இருக்குது."

மங்கா அண்ணி சட்டென்று திரும்பிப் பார்த்தார். அந்த நிமிஷம் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மனுஷன் சும்மா இருக்கக் கூடாதா? தானே வந்து கழுத்தை நீட்டுகிறாரே.

"முந்தியிலேந்து மூணாவது வரிசயில ஒரு புட்டாவுல சரிக இழ ஒண்ணு உட்டுப்போச்சி. நெஞ்சப்பறம்தான் பாத்தேன். அவுக்க முடியல. மறைச்சிக் குடுக்க மனசு வரல."

"எங்க?"

"இங்க மொதலாளி."

முதலாளி குனிந்தார். புடவையை ஜன்னல் பக்கம் இழுத்தார். இன்னும் குனிந்தார். பிறகு ஒரு புட்டாவின் மேல் விரலை வைத்து, "ஆமா ஆமா, தெரியுது" என்றார்.

அண்ணா மிகவும் தாழ்ந்த குரலில், "அது இல்ல மொதலாளி, பக்கத்துல இருக்கறது" என்றார்.

முதலாளியின் விரல் அந்த இடத்திலேயே இருந்தது. இத்தனை வருஷம் அவர் ஏன் உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறார் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. அனுபவசாலி, கையாலேயே கண்டுபிடிக்கிறார் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அண்ணா தன் கண்ணாடியைக் கழற்றினார். துண்டு முனையால் துடைத்தார். "ஒரு வாட்டி இதப் போட்டுப் பாருங்க" என்று நீட்டினார். அவர் குரலில் குத்தல் இல்லை. முதலாளி கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். கடைப் பையன்கள் யாரும் இல்லை. வாங்கி மாட்டினார். தப்பிய இழையைப் பார்த்தார். அதற்குப் பிறகும் கண்ணாடியைக் கழற்றவில்லை. கரையைப் பார்த்துக்கொண்டே முந்திவரை போனார், திரும்பி வந்தார்.

"மத்தபடி எங்கயும் இல்ல" என்றார். கண்ணாடியை அண்ணாவிடம் திருப்பிக் கொடுத்தார். "இந்தப் பாவ முடிச்சிட்டு வா ஏகாம்பரம். அடுத்த டிசைனும் உனுக்குத்தான்."

அவர்கள் போன பிறகு நான் புடவையை மடித்துக்கொண்டிருந்தேன். ரேவதி வெளியே போய்விட்டாள். முதலாளி ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"கஸ்தூரி, அடுத்த கண்ணு முகாம் எப்ப?"

"இன்னும் முடிவு பண்ணல மொதலாளி."

"சீக்கிரம் வை. போட்டோக்காரன் வாணாம்."

6. அதற்குப் பிறகு

விழாவுக்கு ரேவதி அந்தப் புடவையைத்தான் கட்டினாள். இழை விட்டுப்போன புட்டா தோள் மடிப்புக்குள் போகும்படி நான் கட்டிவிட்டேன்.

இரண்டாவது முகாமில் கிரீடம் இல்லை, பட்டை இல்லை, பேனர் இல்லை. பொது உடம்பு செக்கப் என்று மட்டும் வாய்வழியாகச் சொல்லி அனுப்பினோம். பள்ளிக்கூட கேட்டைச் சாத்தி, ஐந்து ஐந்து பேராக உள்ளே விட்டோம். ரேவதி சாதாரண சுடிதாரில் உட்கார்ந்து சீட்டு எழுதினாள். சீட்டில் பெயர் இல்லை, நம்பர் மட்டும்தான். முதல் முகாமுக்கு எட்டிப் பார்க்காத நெசவாளிகள் அன்றைக்குச் சாயங்காலம்வரை வந்துகொண்டே இருந்தார்கள். எல்லோரும் போன பிறகு கடைசியாக ஒருவர் பின் கேட் வழியாக வந்தார். ரேவதி தலை நிமிராமல் நம்பர் எழுதிக் கொடுத்தாள். அவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வருஷம் கிரீடம் வேறு பெண்ணுக்குப் போனது. ரேவதி வங்கித் தேர்வு எழுதி வேலைக்குப் போய்விட்டாள். நான் மேலும் நான்கு ராணிகளோடு கூடப் போனேன். ஒவ்வொரு தடவையும், போட்டோக்காரரை உள்ளே விடுவதற்கு முன்னால், வாங்க வந்தவர்களிடம் தனியாகக் கேட்டேன்: நீங்கள் இதை வாங்கியது நாலு பேருக்குத் தெரிந்தால் உங்களுக்கு ஏதாவது கஷ்டம் வருமா? பெரும்பாலானவர்கள் இல்லை என்பார்கள். சிலர் தலையைக் குனிந்துகொள்வார்கள். அந்தச் சிலருக்காகத்தான் அந்தக் கேள்வி. இந்த வேலைக்கு வருகிறவர்கள் பின் குத்துவதைப் பிறகு கற்றுக்கொள்ளலாம், இதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.

ஏகாம்பரம் அண்ணாவின் கதை நல்லபடியாக முடிந்தது என்று சொல்லி நிறுத்திவிடலாம். கேட்கிறவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அந்தப் போர்டால் வேலை இழந்தவர்கள் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பேருக்கு எப்படியோ மறுபடியும் பாவு கிடைத்தது. மூன்றாமவர் பெருமாள். அவருக்காகக் கிரீடத்தைக் கழற்றி வைக்க யாரும் இல்லை. அவர் முதலாளி கடைசிவரை மனம் இறங்கவில்லை. தறியை விற்றுவிட்டுப் பவர்லூம் ஷெட்டுக்குக் கூலி வேலைக்குப் போனார். பல வருஷம் கழித்து டவுன் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பேச்சுவாக்கில் பழைய கதையைச் சொல்லி, "யாரோ நல்ல கையெழுத்து, என் பேர அவ்ளோ அழகா எழுதி ஒட்டியிருந்தாங்கம்மா" என்றார். எழுதியது நான்தான் என்று அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்தேன்.